ஆமைத் தலைக்குள் இருந்தவர்

பெயர்: வைத்திலிங்கம் சிற்றம்பலம். வயது: 67. தொழில்: ஓய்வுபெற்ற ஆசிரியர். முகவரி: குமரபுரம், பரந்தன்.

தமிழில் வேகமாக எழுதுவது தனக்குச் சிரமம் என்று பொலிஸ் உத்தியோகத்தர் சொன்னபடியால், அவர் கேட்ட கேள்விகளுக்கான பதிலை அவர் முன்னிலையில் இருந்து என் கையாலேயே எழுதித் தருகிறேன்.

நான் மேற்சொன்ன முகவரியில் தனியாக வசிக்கிறேன். மனைவி காலமாகிவிட்டார். மகள் வெளிநாட்டில் இருக்கிறார். நெளுக்குளத்தைச் சேர்ந்த முன்பள்ளி ஆசிரியை சுமித்திரா கொடுத்த முறைப்பாடு தொடர்பாக இன்று இங்கே அழைக்கப்பட்டேன். அவருக்குத் தெரியாமல் அவரைப் படம் பிடித்து யூடியூப்பில் போட்டார்கள் என்பது அவரது முறைப்பாடு. படம் பிடிக்க நான் அனுமதி கொடுத்தேன் என்று எனது நண்பர் வீரகத்தி இங்கே சொல்லியிருப்பதாக அறிந்தேன். சுமித்திராவின் முன்பள்ளிப் பெற்றோர் குழு அவரை வீட்டில் நிற்கச் சொல்லியிருக்கிறது. பொலிஸ் விசாரணையில் என்ன வருகிறது என்று பார்த்துத்தான் அவரைத் திரும்ப எடுப்பதா இல்லையா என்று தீர்மானிப்பார்களாம். ஆகவே நான் அனுமதி கொடுத்தேனா இல்லையா என்பதில்தான் அந்தப் பெண்ணின் வேலை தங்கியிருக்கிறது என்பதை விளங்கிக்கொண்டே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் கூடலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'குட்டிக்குளம்' என்பது சிறுபிள்ளைகளுக்கான காட்டூன். ஒரு குளத்தில் வாழும் தாரா என்கிற வாத்து, கொக்கு, தவளை, ஆமை ஆகியவற்றின் கதை. தொலைக்காட்சியில் பின்னேரங்களில் தமிழில் போனது. நான் மூன்றாம் வகுப்புப் படிப்பித்த காலத்தில் பிள்ளைகளுக்கு உதாரணம் சொல்வதற்காகப் பார்க்கத் தொடங்கினேன். பங்கிடுதல் படிப்பிக்கும்போது தவளை தன் வடையைப் பங்கிட்ட கதையைச் சொன்னால் பின்வாங்குப் பிள்ளைக்கும் கணக்கு விளங்கும். ஓய்வு பெற்ற பின்னரும் பார்ப்பதை நான் விடவில்லை. உதாரணம் சொல்ல வகுப்பு இல்லாதபோதும் ஏன் பார்த்தீர்கள் என்று உத்தியோகத்தர் கேட்டார். பிடித்தபடியால் பார்த்தேன். அதற்கு வேறு காரணம் இல்லை.

அதன் பின்னர் என்னைப் போல வேறு பெரியவர்களும் இருக்கிறார்கள் என்பது வாட்ஸ்அப் குழு ஒன்றின் மூலம் தெரிய வந்தது. நாங்கள் பௌர்ணமிக்கு வரும் போயா விடுமுறை நாட்களில் பரந்தனில் ஒரு சனசமூக நிலையத்தின் பின் மண்டபத்தில் கூடுவது வழக்கம். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த பாத்திரத்தின் தலையைக் கடதாசியும் பசையும் கொண்டு செய்து வர்ணம் பூசி வைத்திருக்கிறோம். தலைகள் எல்லாம் என் வீட்டு அறையில் இருக்கும். கூடல் நாளில் நான் அவற்றை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போவேன். ஒவ்வொருவராகப் பக்கத்து அறைக்குள் போய்ப் போட்டுக்கொண்டு வருவார்கள். தலையைப் போட்டுவிட்டால் அவரை அந்தப் பாத்திரத்தின் பெயரால் மட்டுமே கூப்பிட வேண்டும். தலையைக் கழற்றச் சொல்லி ஒருவரும் கேட்கக் கூடாது. உள்ளே இருப்பது யார் என்றும் விசாரிக்கக் கூடாது. இது நாங்கள் ஆரம்பத்திலேயே வைத்துக்கொண்ட ஒழுங்கு. ஏனென்றால் அலுவலகம் போகிறவர்கள், மருமகள்மார், கோயில் தர்மகர்த்தா ஒருவர் எனப் பலருக்கும் இது வெளியில் தெரிந்தால் வெட்கம்.

காட்டூனில் வரும் ஆமை பேசாது. குளத்தில் யாருக்காவது மனம் சரியில்லை என்றால் ஆமைக்குப் பக்கத்தில் போய் இருந்து சொல்வார்கள். ஆமை தலையை ஆட்டும். அவ்வளவுதான். அதை நாங்களும் செய்வோம். மண்டபத்தின் ஒரு மூலையில் இரண்டு கதிரை போட்டு, ஒன்றில் ஆமை இருக்கும். விருப்பமானவர் மற்றதில் போய் இருந்து கதைக்கலாம். மற்றவர்கள் எட்ட நின்று ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு, காதில் விழாதபடி சத்தமாகக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். சத்தம் போடுவதும் ஒழுங்கில் அடங்கும்.

ஆமை வீரகத்திதான். அவருக்கு வயது 61. பரந்தனில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவர், இப்போது அதை மகன் பார்க்கிறார். என் மனைவியின் ஆண்டுத் திவசச் சாப்பாட்டில் எனக்குப் பக்கத்தில் நின்று பந்தி பரிமாறியவர். கூடல் நாட்களில் தன்னுடைய மோட்டார் சைக்கிளிலேயே என்னைத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார். ஆமைத் தலைக்குள் அவர்தான் என்று தெரிந்தவர்கள் நானும் பத்மாசனியும் மட்டுமே. பத்மாசனி கொக்குத் தலை போடுபவர். அவரது பெயரை அவரிடம் கேட்ட பிறகே இங்கே எழுதுகிறேன்.

பங்குனிப் போயாவுக்கு முந்திய கிழமை வீரகத்தி என் வீட்டுக்கு வந்து, "மாஸ்டர், தலையின்ர விளிம்பு கழுத்தை அறுக்குது. ஒருக்கால் கொண்டு போய் றப்பர் வைச்சுக்கொண்டு வாறன்" என்றார். தலைகளை ஒருவரும் வீட்டுக்குக் கொண்டு போவதில்லை. ஆனாலும் அவர் என்றபடியால் எடுத்துக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டே நேரே மண்டபத்துக்கு வருவதாகச் சொன்னார். சரி என்றேன். அனுமதி என்று அவர் இப்போது சொல்வது இதைத்தான். காற்று அடிக்கவென்று சைக்கிளை வாங்கிக்கொண்டு போன ஒருவர், அதிலே போய் இன்னொரு வீட்டு வேலியைப் பிரித்தால், சைக்கிள் கொடுத்தவர் வேலி பிரிக்க அனுமதி கொடுத்தார் என்று ஆகாது. என் நிலை அதுவே.

போயா அன்று ஆமை மண்டபத்துக்குத் தலையோடேயே வந்தது. வழக்கம் போலக் கையை உயர்த்தியது. நான் குளத்து வழக்கப்படி "வாரும் ஆமையாரே" என்றேன். பத்மாசனி என்னிடம், "ஆமையாருக்கு இண்டைக்குப் புதுச் சப்பாத்து. ஆரோ பொம்பிளை பாக்கப் போறார் போல" என்று பகிடி விட்டார். வீரகத்தி செருப்பு மட்டுமே போடுபவர். நான் சப்பாத்தைப் பார்த்தேன், சிரித்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் தலையைக் கழற்றிக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்க மாட்டேன். அது எங்கள் ஒழுங்கு.

அதன் பின்னர் தாராத் தலை போட்டிருந்த சுமித்திரா ஆமைக்குப் பக்கத்தில் போய் இருந்தார். அன்று கடும் வெக்கை. அவர் தன் தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கதைத்தார். அழுதாரா என்பது எனக்குத் தெரியாது. நான் எட்ட நின்று தவளையோடு சத்தமாகக் கிரிக்கெட் கதைத்துக்கொண்டிருந்தேன். அவர் எழும்பி வந்த பின்னர் நான் போய் இருந்தேன். நானும் தலையைக் கழற்றினேன்.

நான் ஆமையிடம் சொன்னது இதுதான்: "நீர் வாற நாளெண்டபடியாத்தான் நான் முகம் வழிக்கிறனான். மற்ற நாளெல்லாம் கண்ணாடியே பாக்கிறேல்லை. இதை உமக்கு ஒருநாளும் சொல்லேல்லை. தலையோட இருக்கேக்கை சொல்லுறது சுகமாக் கிடக்கு." ஆமை தலையை ஆட்டியது. வழக்கத்தை விடக் கூடுதலாக ஆட்டியது. வெக்கைக்கு அவருக்கும் தாங்க முடியவில்லை என்று நினைத்து, "போய்த் தண்ணி குடியும்" என்று சொல்லிவிட்டு எழும்பினேன். அன்று கூடல் முடிய முதலே ஆமை போய்விட்டது. நான் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன்.

பின்பு ஒரு காலை பத்மாசனி தொலைபேசியில் அழைத்து, "மாஸ்டர், யூடியூப்பைப் பாருங்கோ. இருந்துகொண்டு பாருங்கோ" என்றார். பார்த்தேன். 'வன்னியில் கிழட்டுக் குழந்தைகளின் இரகசியக் கூட்டம்' என்று தலைப்பு இருந்தது. ஆமைத் தலையின் கண்ணுக்குள் கமரா வைத்து எடுத்தது என்பது பார்த்தவுடன் விளங்கியது. அந்தச் சனலை நடத்துபவர் வீரகத்தியின் மருமகன், அதாவது அவருடைய அக்காவின் மகன் கிருசாந்தன், வயது 27. அன்று புதுச் சப்பாத்தோடு ஆமைத் தலைக்குள் இருந்தவர் வீரகத்தி அல்ல, இவர்தான் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

காணொளியின் தொடக்கத்தில் வீரகத்தி தன் சொந்த முகத்தோடு, தன் வீட்டு முற்றத்தில் கதிரையில் இருந்து பேசுகிறார். "எனக்கு இதிலை ஒரு விருப்பமும் இல்லை. மாஸ்டர் மனுசி செத்தாப் பிறகு கொஞ்சம் குழம்பிப் போனார். பாவம் எண்டு துணைக்குப் போறனான்" என்கிறார். அதன் பின்னர் சுமித்திராவின் முகம் வருகிறது. "சில நாள் காலையில கேட்டத் திறக்க முன்னாடி, இன்னைக்கு ஒரு பிள்ளையும் வராம இருந்தா நல்லாருக்கும்னு நினைப்பேன்" என்று அவர் சொல்வது கேட்கிறது. அதோடு வெட்டி, கீழே 'இவர் ஒரு முன்பள்ளி ஆசிரியை' என்று எழுதியிருக்கிறார்கள். அதன் பின்னர் நான் முகச்சவரம் பற்றிச் சொன்னது வருகிறது. அதற்கு ஆட்கள் சிரிக்கும் சத்தம் சேர்க்கப்பட்டிருக்கிறது. சிரிப்பது யார் என்று எனக்குத் தெரியாது. அது எங்கள் மண்டபத்தில் இருந்தவர்களின் சிரிப்பு அல்ல.

சுமித்திரா அன்று பின்னேரம் எனக்கு அழைத்தார். அவர் சொன்னதை அவருடைய மலையகப் பேச்சிலேயே அப்படியே தருகிறேன். "சார், பாதிய வெட்டிட்டாங்க. 'ஆனா ஒரு பிள்ளை வரலைன்னா, அந்த வீட்டுக்குப் போன் பண்ணாம எனக்குச் சோறு இறங்காது'ன்னு சொன்னேன் சார். அது எங்க?" இந்தப் பகுதியை நான் நேரில் கேட்கவில்லை. அவர் சொல்லி அறிந்ததே. ஆனால் ஆசிரியர் என்ற முறையில் ஒன்று சொல்ல முடியும். அவருடைய முதல் வசனத்தை நினைக்காத ஆசிரியர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. மழை நாளில் பிள்ளைகள் குறைவாக வந்தால் ஆசிரியர் அறையில் நாங்கள் இன்னொரு தேத்தண்ணி ஊற்றுவோம். அதற்காக எங்களில் ஒருவரையும் பிள்ளைகளை வெறுப்பவர் என்று சொல்ல முடியாது. பெற்றோர் குழுவில் ஒரு தாய் சுமித்திராவிடம், "பிள்ளை வராட்டிச் சந்தோசமெண்டால் நாங்கள் ஏன் விடோணும்?" என்று கேட்டாராம். அந்தத் தாயில் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குப் பாதி வசனம்தான் காட்டப்பட்டது.

இன்று காலை நான் இங்கே வர வெளிக்கிடும்போது வீரகத்தி என் வீட்டுக்கு வந்தார். கிருசாந்தனுக்குக் கட்டாரில் வேலை சரிவந்திருப்பதாகவும், பொலிஸ் நற்சான்று எடுக்க இருக்கும் நேரத்தில் இந்த முறைப்பாடு வந்துவிட்டதாகவும் சொன்னார். அதன் பின்னர் எங்களுக்குள் நடந்த கதை பின்வருமாறு.

"மாஸ்டர், ஒரு சொல்லு. 'எனக்கு முதலே தெரியும், நான்தான் ஓம் எண்டனான்' எண்டு சொல்லுங்கோ. பொடியன் தப்பியிடுவான்."

"சுமித்திரா?"

"அந்தப் பிள்ளைக்கு வேற முன்பள்ளி கிடைக்காதே?"

"இப்பிடிப் போனால் ஆர் எடுப்பினம், வீரகத்தி?"

"அவள் ஏன் தலையைக் கழட்டினவள்? நான் சொன்னனானே கழட்டச் சொல்லி?"

நான் வாசல் கதவைப் பூட்டினேன். அவர் பின்னால் வந்து, "பொடியன் ஆமைத் தலையை வீட்டிலை கண்டிட்டுச் சிரிச்சவன், மாஸ்டர். அக்காவும் நிண்டவா. மருமக்கள் எல்லாம் நிண்டவை. நான் என்னெண்டு சொல்லுறது, என்ர எண்டு? மாஸ்டர்ர எண்டு சொல்லிப்போட்டன். பிறகு எல்லாம் அவன்ர கைக்குப் போட்டுது" என்றார். அதையும் எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன். அவர் பாவம் பார்த்து என்னோடு வந்தவர் அல்ல. ஆமையின் ஓட்டைப் பழைய ரயர்த் துண்டுகளில் வெட்டி ஒவ்வொரு கட்டமாகத் தைத்தவர் அவரே. 'குட்டிக்குளம்' கடைசிப் பகுதி போன பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டு என் வீட்டில் இருந்து பார்த்தவரும் அவரே. அவருக்கு அதில் விருப்பம் இல்லை என்று காணொளியில் சொன்னது உண்மை அல்ல. கமரா விடயம் அவருக்கு முதலே தெரியுமா என்று உத்தியோகத்தர் கேட்டார். இன்று காலை நானும் அவரிடம் அதைக் கேட்டேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "தெரியும்" என்றார்.

ஆகவே என்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கான பதில் இது. எங்கள் கூடலைப் படம் பிடிக்க என்னிடம் ஒருவரும் அனுமதி கேட்கவில்லை. நான் கொடுக்கவும் இல்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். சுமித்திராவுக்கும் மற்றவர்களுக்கும் ஒன்றும் தெரியாது. இப்படிச் சொல்வதால் கிருசாந்தனின் பயணம் தடைப்படலாம் என்பதும், வீரகத்தியும் நானும் இனி ஒருவர் வீட்டுப் படலையை ஒருவர் திறக்க மாட்டோம் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன்.

சமாதானமாகப் போக விருப்பமா என்று கேட்கப்பட்டது. அதைச் சுமித்திராவிடம் கேட்க வேண்டும். முகம் அவருடையது. எனது பங்குக்கு நான் கேட்பது, அனுமதி இல்லாமல் எடுக்கப்பட்டது என்பதை அவருடைய முன்பள்ளிப் பெற்றோர் குழுவுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது மட்டுமே.

வீரகத்தி வெளியே வேப்பமரத்துக்குக் கீழே மோட்டார் சைக்கிளோடு நிற்பதாகவும், என்னை ஏற்றிக்கொண்டு போகக் காத்திருப்பதாகவும் உத்தியோகத்தர் இப்போது வந்து சொன்னார். இரண்டாவது தலைக்கவசமும் கொண்டுவந்திருக்கிறாராம். நான் பஸ்ஸில் போவேன் என்று அவரிடம் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டேன்.

இதை நானே எழுதினேன். எழுதியதை ஒருமுறை உரத்து வாசித்துக் காட்டினேன். ஒருவரும் என்னைப் பயமுறுத்தவோ ஆசைகாட்டவோ இல்லை. இதில் உள்ளவை யாவும் நான் அறிந்தவரையில் உண்மை. திருத்த ஒன்றும் இல்லை.

(ஒப்பம்) வை. சிற்றம்பலம்