கீழ் மூலையில் 417

ஸ்டேஷன் டீயில் இஞ்சி தூக்கலாக இருக்கிறது மேடம். எங்கள் கேன்டீனில் இப்படிக் கிடைக்காது. எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

பெயர் மாரிசெல்வம். ஊர் சங்கரன்கோவில் பக்கம். அப்பா குவாரியில் கல் உடைத்தார், நான் பதினெட்டு வயதில் ஒரகடத்துக்கு பஸ் ஏறினேன். கார் பாகம் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. மயிரிழைக் கீறல் இருந்தாலும் சிவப்பு அட்டை கட்டி ஒதுக்கிவிடுவேன். ஒன்பது வருஷத்தில் என் கையை மீறி ஒன்று வெளியே போனதில்லை.

என் மனைவி வேல்விழி நர்ஸ். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. டியூட்டி முடிந்து வந்து, வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஜெர்மன் வார்த்தைகளை முணுமுணுப்பாள். ஜெர்மனியில் வேலையும் கிடைத்தது. முதலில் அவள், ஒரு வருஷம் கழித்து நான் என்று திட்டம். திட்டம் அவளுடையது.

விசா மறுத்துவிட்டார்கள். அனுபவச் சான்றிதழில் சந்தேகமாம்.

போனில் அழுதாள். ஆறுதல் சொன்னேன். வைத்துவிட்டு, கம்பெனி பாத்ரூமில் போய், மாட்டியிருந்த கனத்த ஷூவோடு ஆடினேன். லைனில் எல்லோருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தேன்.

"இன்னா மாரி, புள்ள பொறந்த மாதிரி இளிச்சிக்கினு கீற?" என்று கோவர்தன் கேட்டான்.

"பொண்டாட்டிக்கு விசா கெடைக்கல."

"அதுக்கு ஜாங்கிரியா? மறை கழண்டுகிச்சுடா உனக்கு" என்று இரண்டு எடுத்துக்கொண்டான்.

விசா மறுத்தால் அடுத்து என்ன செய்வதென்று பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. ஒரு வாரம் நானே சமைத்தேன். மறுபடி போடுவோம் என்று நானே தைரியம் சொன்னேன். தாள்களை வரிசையாக அடுக்கிக் கிளிப் போட்டுக் கொடுத்தேன். கூடவே இன்னொரு கடிதமும் எழுதினேன்.

முதல் கடிதத்தைச் சொல்ல விட்டுவிட்டேன். சான்றிதழ் போலி என்று தூதரகத்துக்கு எழுதியது நான்தான். போலி கிடையாது மேடம். அவள் சுத்தமான வேலைக்காரி.

இரண்டுமே மொட்டைக் கடிதம். ஆனால் இரண்டாவதைக் கம்பெனியில் பழக்கிவிட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன். குறை, காரணம், செய்ய வேண்டியது என்று மூன்று கட்டம். முடித்ததும் கை தானாகக் கீழ் மூலைக்குப் போய் 417 போட்டு வட்டமிட்டிருக்கிறது. என் டோக்கன் நம்பர். பார்த்து முடித்த தாளில் அது இல்லாவிட்டால் சூப்பர்வைசர் கிழித்துவிடுவார். சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கும் சிரிப்புத்தான் வருகிறது.

தூதரகம் அந்தக் கடிதத்தின் நகலை அனுப்பி அவளிடம் விளக்கம் கேட்டிருக்கிறது. என் சட்டையைத் துவைக்கிறவள் அவள். பாக்கெட்டுக்கு மேல் 417 என்று தைத்திருக்கும். எனக்குத் தெரியாமலே, சான்றிதழ் உண்மைதான் என்று ஆஸ்பத்திரியில் கடிதம் வாங்கி அனுப்பி, விசா கைக்கு வந்த அன்றுதான் நகலை என் முன்னால் வைத்தாள்.

"இது யாரு நம்பருங்க?"

"என் நம்பர்தான். நீ போயிட்டா நான் ஷிப்டு முடிஞ்சு யாருக்காக வீட்டுக்கு வரணும், நீயே சொல்லு."

சண்டை போடவில்லை. "விசா வந்துட்டு. வெள்ளிக்கிழமை போறேன்" என்று பெட்டியை இறக்கினாள்.

மறுநாள் ஷிப்டுக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டினேன். ஜெர்மனி வேலை பிடித்துக் கொடுத்த ஏஜென்சிக்காரன் தொந்தரவு செய்வானே என்று அவள் போனையும் எடுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை அவள் அம்மாவைக் கூப்பிட்டு, பிளேன் ஏறிவிட்டாள் என்றேன். பேச்சி அத்தை தெருவுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். "எம் புள்ள ஜெயிச்சிட்டா மாப்ள" என்று அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

வீடு மாடியில், தகரக் கூரை. மே மாதம். ஃபேன் போடாமல் ஒரு நாளும் போனதில்லை. குடத்தில் தண்ணீர் வைப்பேன், கேன்டீன் எலுமிச்சைச் சாதம் கொண்டுவருவேன். அவள் தொடவில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்ய.

கீழ்வீட்டு ஓனர் அம்ருதவல்லி மாமி கேட்டார். "மேலே என்னப்பா சத்தம்? அவதான் ஊருக்குப் போயிட்டாளே?"

"ஃபேன்ல பேரிங் போயிருச்சு மாமி."

"பேரிங் 'மாமி, மாமி'ன்னு கூப்பிடுமாப்பா?"

அவர்தான் உங்களுக்குப் போன் போட்டது. நல்ல மனுஷி, கோபமில்லை.

மொத்தம் பதினொரு நாள். ஐந்து நாள் தட்டினாள், அப்புறம் படுத்துவிட்டாள். தினமும் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினேன் மேடம். கல்யாணமான புதிதில்கூட அப்படி ஏறியதில்லை. கதவைத் திறந்தால் அவள் இருப்பாள்.

குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள் என்றீர்கள். இடது கையில் அவளுக்கு நரம்பு கிடைக்காது, வலது கையில் குத்தச் சொல்லுங்கள்.

ஆமாம், கடிதம் எழுதியதும் நான், பூட்டியதும் நான். ஆனால் பூட்டியது வீட்டைத்தான், அவளை இல்லை. அந்தச் சாவியை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். டிஸ்சார்ஜ் ஆனதும் அவள் நேரே அங்கேதான் வருவாள்.