வெள்ளிக்கிழமை விறகு

காரைக்குடியிலிருந்து நெற்குப்பை போகும் பேருந்தில் பத்தொன்பது பேர் நின்றுகொண்டிருந்தோம். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண், பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

“சும்மா குடுக்குற விறகா இருந்தாலும் வெள்ளிக்கிழமை போயிறாதீக மதினி.”

“ஏன், என்னாச்சு?”

“மரம் விழுந்துருச்சு, வேணும்ங்கிறவுக எடுத்துக்கங்கன்னு சொன்ன ஆச்சி, நான் வண்டியோட போய் நின்னதும், ‘வெள்ளிக்கிழமை வீட்டுல இருந்து எதையும் குடுக்க மாட்டோம், நாளைக்கு வா’ன்னுட்டாக.”

“ஆத்தாடி! அன்னைக்குச் சாயங்காலந்தான நீ கோயில்ல கூழு ஊத்தணும்?”

“அதைச் சொல்லி அழுதுட்டேன். முன்னப்பின்ன தெரியாதவுக. உடனே சுவரைப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டு, ‘நான் குடுக்கல, பாக்கவும் இல்ல’ன்னாக.”

“எடுத்தியா?”

“எடுத்தேன். திரும்பாமலே சத்தம் போடுறாக: ‘கிணத்தடியில காஞ்ச கட்டை கெடக்கு பாரு, அதையும் தூக்கு!’”