பொம்மு என்று எழுத இரண்டு வழி

கடவுச்சொல்லுக்குப் பிள்ளைகளின் பேரை வைக்காதீர்கள் என்று அலுவலகத்தில் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். யாரும் கேட்பதில்லை. பாசம் அப்படி. உங்கள் கணினியிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன் ஐயா. முடிந்தால் மாற்றிவிடுங்கள்.

குளிர்பதனக் கிடங்கில் நான் ஆவணக் காப்பாளர். என் வேலையைச் சொல்லிவிட்டால் நடந்தது உங்களுக்கே விளங்கிவிடும். எந்தப் பிரிவு அறிக்கை எழுதினாலும் கடவுச்சொல் போட்டுப் பூட்டித்தான் எனக்கு அனுப்ப வேண்டும். நான் பூட்டைக் கழற்றி, நிரந்தரக் காப்பக வடிவத்துக்கு மாற்றி ஏற்றுவேன். அந்த வடிவத்தில் பூட்டு இருக்கவே கூடாது. பல காலம் கழித்துத் திறக்கிறவனுக்குக் கடவுச்சொல்லைச் சொல்ல நாம் யாரும் உயிரோடு இருக்கமாட்டோம் அல்லவா. அதனால் பூட்டோடு வருவதை மென்பொருள் திருப்பி அனுப்பிவிடும். காப்பகத்தில் ஏறாத அறிக்கையை வைத்து யாரும் எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. அதை எழுதியவன் நான். நல்ல விதி. இன்றைக்கும் அதையே சொல்வேன்.

என் தங்கையின் கணவரை அங்கே பராமரிப்புப் பொறியாளராகச் சேர்த்துவிட்டதும் நான்தான். கெட்டிக்காரர், அதை மறுக்கவில்லை. கொஞ்ச நாளிலேயே நான் எழுந்து நின்று பேச வேண்டிய இடத்துக்குப் போய்விட்டார். அதில் எனக்கு வருத்தமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வந்திருந்த நண்பர்களிடம் என்னைக் காட்டிச் சொன்னார்.

"எங்க மச்சானுக்கு என்ன வேலை தெரியுமா? நாங்க பூட்டிக் குடுப்போம், அவர் திறப்பார். அதுக்கு ஒரு ஏசி ரூம், ஒரு சுத்துற நாற்காலி."

எல்லோரும் சிரித்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்த தங்கையும் சிரித்தாள். நானும் சிரித்தேன், இல்லாவிட்டால் நன்றாக இருக்காது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு அது ஆறவேயில்லை. அவர் சொன்னதற்காக அல்ல, அவள் சிரித்ததற்காக. பொம்மு மட்டும்தான் சிரிக்கவில்லை. அவர்களுடைய மகள். அந்தச் செல்லப் பேரை வைத்தது நான். என் மடியில் உட்கார்ந்து என் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

அறிக்கைக்கு வருகிறேன். கிடங்கில் அம்மோனியா ஓடும் குழாய்களை மாப்பிள்ளை அளந்து பார்த்தார். மூன்றாம் அறையில், குழாயைச் சுற்றிய உறைக்குள்ளேயே துரு தின்று தகடு மெலிந்துபோயிருந்தது. உடனே நிறுத்த வேண்டும் என்று எழுதி, "பொம்மு" என்று பூட்டி எனக்கு அனுப்பினார். அடித்துப் பார்த்தேன். திறக்கவில்லை.

ஏன் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. 'பொ' இருக்கிறதே, அதைக் கணினி இரண்டு விதமாக எழுதும். கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகப் போடும், அல்லது இரண்டு குறியாகப் பிரித்துப் போடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பூட்டுக்கு அப்படியில்லை. மாப்பிள்ளை பூட்டியது பழைய கணினியில். அந்த வாரம்தான் பழையவற்றிலிருந்த கோப்புகளை, மாப்பிள்ளையின் அளவுக் குறிப்புகளையும் சேர்த்து, அழித்துவிட்டு, கணினிகளை என் சாமான் அறையில் அடுக்கி, எல்லோருக்கும் புதிது கொடுத்திருந்தார்கள். புதியவற்றில் எழுதுமுறை வேறு.

"எம் பொண்ணு பேரு எனக்குத் தெரியாதா மச்சான்? நீங்கதான் தப்பா அடிக்கிறீங்க."

"நீங்களே அடிச்சுப் பாருங்க மாப்பிள்ளை" என்று எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். சுற்றுகிற நாற்காலிதான். அடித்துப் பார்த்தார், வியர்த்துப்போனார். மேலாளர் எட்டிப் பார்த்து, "பெத்த பொண்ணு பேரே மறந்துபோச்சா?" என்று கேட்டதும் அறை முழுக்கச் சிரிப்பு. இந்த முறை நான் சிரிக்கவில்லை.

வாயால் சொல்கிறேன், நிறுத்துங்கள் என்று மேலாளரிடம் கெஞ்சினார். "காப்பகத்துல ஏறட்டும். ஏறின அன்னைக்கே நிறுத்திடறேன்" என்றார் அவர். விதிப்படி அது சரி.

மாலையில் மாப்பிள்ளை தனியாக என் அறைக்கு வந்தார். குரலே மாறிப்போயிருந்தது.

"வேற வழி ஏதாவது இருக்கா மச்சான்? இதுல உங்களுக்குத் தெரியாததா?"

உங்களுக்குத் தெரியாததா. அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்க எத்தனை நாள் காத்திருந்தேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. பக்கத்து அறையில் பழைய கணினி இருந்தது. எழுந்து போனால் ஒரு நிமிட வேலை. ஆனால் இன்னும் ஒரு தரம் அவர் அப்படிக் கேட்க வேண்டும் போலிருந்தது. நாளைக்கும் வருவார் என்று நினைத்தேன்.

"மறுபடியும் அளந்துடறதுதான் சுத்தம், மாப்பிள்ளை" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லையே.

மறுநாள் காலையில் இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு மூன்றாம் அறைக்குள் போனார். அளவு எடுக்கக் குழாயின் துருவைச் சுரண்ட வேண்டும். சுரண்டும்போது குழாய் உடைந்து நச்சுவாயு கொட்டியது. மூவரும் வெளியே வரவில்லை.

எல்லாக் காரியமும் முடிந்த பிறகு பழைய கணினியில் பேரை அடித்து அறிக்கையைத் திறந்தேன். முதல் தடவையிலேயே திறந்தது. பூட்டைக் கழற்றிக் காப்பகத்தில் ஏற்றினேன். மாப்பிள்ளை எச்சரிக்கவில்லை என்று நாளைக்கு யாரும் அவர் பேரைக் கெடுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான். அதை நான் ஏற்றாமல் இருந்திருந்தால் நீங்கள் விசாரணை என்று என்னிடம் வந்திருக்கவே மாட்டீர்கள். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் எதையும் அழிக்கவில்லை. திறக்கவில்லை என்று சொன்னேன், உண்மையிலேயே திறக்கவில்லை. எனக்குத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை கேட்டதும் அப்படி நேராக இல்லை.

நேராகக் கேட்டவள் தங்கைதான். நேற்று, நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால். பொம்மு என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, அதை எப்படித் திறக்கறதுன்னு உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பல்ல?"

"சொல்லியிருப்பேன்மா" என்றேன்.

இந்த விவகாரத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான் ஐயா. அதையும் அவள் மனசு நோகக் கூடாதே என்றுதான் சொன்னேன்.