பச்சை வட்டம்

— அப்ப டாக்டர் அம்மாவோட எக்ஸ்ரே படத்தப் பாக்கவே இல்லங்கிறியா அக்கா?

— பாத்தாரு, பாத்தாரு. ஓடுற பஸ்ஸுலேருந்து கடை போர்டு பாக்குற மாதிரி. “கம்ப்யூட்டர் பாத்துடுச்சு, நுரையீரல் சுத்தம். சந்தேகம்னா சி.டி. ஸ்கேனுக்கு எழுதித் தரேன்”னாரு. ரெண்டு மாசமா இருமுறவங்க நுரையீரல் சுத்தமாம்.

— அது லட்சக்கணக்குல எக்ஸ்ரே பாத்துக் கத்துக்கிட்டது அக்கா. மனுசன் கண்ணு அசந்தாலும் அது அசராது.

— அந்தக் கம்ப்யூட்டர செய்யுற கம்பெனியிலயே சம்பளம் வாங்குறவன் வேற என்ன சொல்லுவ? ஆமா, அங்க உனக்கு என்னதான் வேலை? கேட்டா கம்ப்யூட்டருக்குப் பாடம் எடுக்குறேங்கிற. உனக்கே ஒருத்தராலயும் பாடம் எடுக்க முடியல.

— படத்துல வியாதி இருந்தா செவப்பு வட்டம் போடுவேன். வியாதி மாதிரி தெரிஞ்சு, ஆனா வியாதி இல்லன்னா பச்சை. அதப் பாத்து அது கத்துக்கும்.

— ஒரு நாளைக்கு எத்தன படம்?

— நானூறு.

— நானூறா? அப்ப ஒரு படத்துக்கு ஒரு நிமிஷம்தான். ஊசியில நூல் கோக்கவே எனக்கு அதைவிட நேரமாகும்டா.

— நம்புக்கா. அம்மாவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ.

— அவங்களும் செருப்ப மாட்டிட்டு வாசல்ல நிக்குறாங்க. எனக்குத்தான் மனசு ஒப்பல. கம்ப்யூட்டர் குடுத்த படத்துல வலப்பக்கம் மேல ஒரு பச்சை வட்டம் இருக்கு. எல்லாம் சுத்தம்னா வட்டம் எதுக்கு?

— போட்டோ எடுத்து அனுப்பு.

— அனுப்பிட்டேன். வந்துச்சா?

— எக்ஸ்ரே எடுக்கும்போது அம்மா என்ன போட்டிருந்தாங்க?

— இது என்னடா கேள்வி?

— சொல்லுக்கா. பட்டன் வச்ச அங்கியா?

— பட்டனும் இல்ல, கிட்டனும் இல்ல. முதுகுல நாடா கட்டுறது. நான்தான் முடிச்சே போட்டேன். ஏன் இழுக்குற? மடியில கனம் இருக்குறவன் மாதிரி பேசுற.

— போன வருஷம் ஒரு ஆஸ்பத்திரிலேருந்து மூட்டை மூட்டையா படம் வந்துச்சு. அங்க எல்லாருக்கும் பட்டன் அங்கிதான். நெஞ்சுல ரவுண்டா நெழல் விழும். அது பட்டன், பச்சை போட்டுத் தள்ளுங்கன்னு கம்பெனியில சொன்னாங்க.

— எல்லாமே பட்டன்தான்னு எப்படித் தெரியும்?

— பெருசாக்கிப் பாக்கணும். பட்டன்னா நடுவுல நூல் கோக்குற ஓட்டை தெரியும்.

— நீ பாத்தியா?

— நானூறு படம்க்கா.

— கேட்டதுக்குப் பதில் சொல்லு. பாத்தியா, இல்லியா?

— அம்மா படத்த இப்பப் பெருசாக்கிட்டேன். ஓட்டை இல்லக்கா. அந்தக் கம்ப்யூட்டர் நான் சொல்லிக் குடுத்ததத்தான் சொல்லிருக்கு. அம்மாவ செருப்பக் கழட்டிட்டு சி.டி. ஸ்கேனுக்கு உள்ள வரச் சொல்லு.