பண்ணைப் பாலத்தில் ஒரு பிறை

"நீங்கள் கண்டது கணக்கில்லை, அக்கா."

வேலணையிலிருந்து யாழ்ப்பாணம் வரும் பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறியபோது, பின்சீட்டில் எனக்குப் பக்கத்தில் இருந்த முஸ்லிம் நானா இதைச் சொன்னார். பேரீச்சம்பழத்தைக் கடித்து அப்போதுதான் நோன்பு திறந்திருந்தார். பின் யன்னலுக்குள்ளால் பிறையைக் காட்டியவர் குருநகருக்குத் திரும்பும் மீன்கார அக்கா.

"ஏன், நான் மாதா கோயிலுக்குப் போறதால என்ரை கண்ணும் வேதக்கண்ணோ?"

"முஸ்லிம் ஆள் கண்டால்தான் பள்ளிவாசலில ஏற்பினம். இண்டைக்குக் கண்டால் நாளைக்குப் பெருநாள், காணாட்டி இன்னொரு நோன்பு. இந்த பஸ்ஸில நான் ஒராள்தான்."

"அப்ப பாருங்கோவன்!"

"கண்ணாடியை வீட்டில விட்டிட்டு வந்திட்டன்."

பஸ்ஸில் இருந்த அத்தனை தலைகளும் பின்பக்கம் திரும்பின.

"கடலுக்கு மேலை, நானா!"

"கம்பத்துக்கு இடப்பக்கம்!"

"ஐயோ, தாழப்போகுது!"

கண்டக்டர் மணியடித்து பஸ்ஸையே நிறுத்தினார். அக்கா தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நானாவின் மூக்கில் மாட்டிவிட்டார்.

"ரெண்டு பிறை தெரியுதே!"

"ஒரு கண்ணைப் பொத்துங்கோ!"

நானா பொத்தினார்.

"ஒண்டு! அல்லாஹு அக்பர், ஒண்டேதான்!"

எல்லோரும் கைதட்டினார்கள். டிரைவர் ஹோர்னை அமத்திப் பிடித்தார். அந்த இரைச்சலுக்குள் நானா பள்ளிக்குப் போன் எடுத்துக் கத்தினார்:

"கண்டிட்டன்! ஓம், ஓம், என்ரை கண்ணாலதான் கண்டனான்!"

அக்கா போனுக்குக் கிட்டக் குனிந்தார்.

"கண்ணாடி என்ரையெண்டும் சொல்லுங்கோ!"