மேலயா, அடியிலயா

ஆமா தம்பி, அன்னிக்குக் கூட்டத்துல தனியாத் தூக்குன கை என்னோடதுதான். அதக் கேக்கத்தானே ரயில் ஆபீஸ்லேர்ந்து அனுப்பியிருக்காங்க? எஞ்சினியரா? சின்னப் புள்ளையா இருக்கீங்களே. குடிங்க, இஞ்சித் தண்ணிதான், நானே போட்டது.

சர்ச்சு ஹால்ல வெச்சு என்ன சொன்னீங்க? ஜோகன்னஸ்பர்க் ரயில் தரை மேல போனா எங்க லெட்லாபெங்ல பாதித் தெருவ இடிக்கணும், அடியில போனா ஒரு செங்கல்லும் அசையாதுன்னீங்க. யாரு தம்பி வீட்ட விடுவா? எல்லாரும் அடியில போகட்டும்னு கையத் தூக்குனாங்க. மேலன்னது இந்த மொசீடி ஒருத்திதான். மேல போனா என் வீடுதான் முதல்ல இடிபடும், தெரிஞ்சேதான் சொன்னேன். எதிர்வீட்டு கெலெபோகிலே, இவளுக்கு நஷ்டஈட்டு மேல கண்ணுன்னா. சொல்லிட்டுப் போறா. அவ பேரப்புள்ளைங்களுக்கும் சேத்துத்தான் நான் கையத் தூக்குனேன்.

உங்களுக்கு எந்த ஊரு? டர்பனா? அதான பாத்தேன். எங்களுக்குக் கீழ இருக்கறது சுண்ணாம்புப் பாறை தம்பி. தண்ணி எறங்க எறங்க உள்ளயே கரையும், மேல ஒண்ணும் தெரியாது. இங்க யாராச்சும் தோட்டம் போட்டிருக்காங்களா பாருங்க. துணி அலசுன தண்ணியக்கூட வாளியில தூக்கிட்டுப் போய் தெருக்கோடி சிமெண்ட் கால்வாய்லதான் ஊத்துவோம். யார் வீட்டுக் குழாயாவது சொட்டுச்சுன்னா தெருவே சண்டைக்கு வந்துரும். வேற ஊர்ல முன்னோருக்குன்னு பீரத் தரையில ஊத்துவாங்கல்ல? நாங்க தட்டுல ஊத்துறோம். அவங்களும் கோச்சுக்கல.

பக்கத்துல வேலி போட்டுக் காலியாக் கெடக்கே, அது என் தங்கச்சி வீடு. டிமகாட்சோ. அடியில குழாய் ஒடஞ்சிருக்கு, யாருக்கும் தெரியல. காலையில சோளக்களி கிண்டிட்டே, அக்கா உப்பு இருக்கான்னு கேட்டா. எடுத்துட்டு வர்றேன், அடுப்படியே இல்ல, பூமி வாயத் தொறந்து முழுங்கிருச்சு. எட்டிப் பாத்தா அடி தெரியல. உடம்ப எடுக்க முடியாதுன்னு லாரி லாரியா மண்ணக் கொட்டி மூடிட்டாங்க.

உங்க ரயிலு அவளத் தாண்டித்தான் போகணும். உள்ள எத்தனை சனம் நிக்கும்! தொளை போட்டுப் பாத்தோம், கெட்டியா இருக்குங்கறீங்க. தொளை போட்ட எடம் கெட்டிதான், இல்லங்கல. அதுக்கு நாலடி தள்ளி? உங்க ஆபீஸ்ல வந்து கத்துனேன். டீ குடுத்து, பாத்துக்கறோம்மா, போயிட்டு வாங்கன்னுட்டாங்க.

அதான், சனங்கள ஏத்திக்கிட்டு ரயிலு போறப்ப பூமி வாயத் தொறக்கறதுக்குப் பதிலா, இப்பவே தொறந்து காட்டட்டும்னு நெனச்சேன். பின்னாடி காலி நெலத்துல ஒரு தொளைய மூடி போட்டு வெச்சிருந்தீங்கல்ல? மூடியக் கழட்டி ரப்பர் குழாய உள்ள விட்டிருக்கேன். கூட்டம் முடிஞ்ச அன்னிலேர்ந்து தண்ணி போயிட்டேதான் இருக்கு. எவ்வளவு போனாலும் ஒரு சொட்டு மேல வரல.

ஏன் எந்திரிச்சுட்டீங்க? அந்த நெலத்து ஓரமா நிக்கிற வெள்ளைக் காரு உங்களுதா? டிரைவர் உள்ளயேவா தூங்குறாரு?

ஓடாதீங்க தம்பி, தரை அதிரும். மெதுவா நடந்து போய் எழுப்புங்க.