பதினோரு நிமிஷம் நின்ற பூதம்

அக்கா: நம்ம படக்கதையில நாலு வீரனுங்களும் ஏழாம் பக்கத்துலயே தோத்துட்டா, கடைசிப் பக்கத்துல நான் யாரைடா வரையறது?

தம்பி: மண்விழுங்கிப் பூதத்த வரை. அது பாட்டுக்குப் போய்க்கினே இருக்கற மாதிரி.

அக்கா: வெளங்கிடும். சின்னப் புள்ளைங்க படிக்கற பத்திரிகைடா பரிதி. பூதம் ஜெயிச்சிது, முற்றும்னு அனுப்பினா இன்னொரு தடவ நம்மளக் கூப்புடுவாங்களா?

தம்பி: நான் என்னாக்கா பண்றது? எல்லாத்தையும் எழுதிப் பாத்துட்டேன். இடிமுரசு ஓங்கிக் குத்துனான். அவன் கைதான் ஒடைஞ்சிது.

அக்கா: காந்தக்கையன்?

தம்பி: இரும்புப் பூதமாச்சே, இழுத்துடலாம்னு போனான். அது அவன இழுத்துக்கிச்சி.

அக்கா: பாவம்டா... நீர்மகள் ஒரு ஏரியவே கொண்டாந்து ஊத்தறாளே?

தம்பி: பம்பு போட்டு எறைச்சி வெளிய வுட்டுட்டு, அது திரும்ப வெட்டுது.

அக்கா: பறவைக்கண்ணன்?

தம்பி: மேலேந்து பாத்தான். எவ்ளோ பெரிசுன்னு தெரிஞ்சிது. அப்டியே பறந்து போயிட்டான்.

அக்கா: டேய்! இது பூதமா, இல்ல நீ வேலைக்குப் போற நெலக்கரி மைன்ஸ்ல மண்ணு வெட்டற மிஷினா?

தம்பி: நான் பூதம்னுதான் எழுதினேன். சக்கரத்துல பக்கெட்டு வெச்சி, பக்கெட்டுக்குப் பல்லு வெச்சி வரைஞ்சது யாரு?

அக்கா: வீடியோ பாத்து வரைஞ்சேன்.

தம்பி: கீழ நின்னு அண்ணாந்து பாத்த மாதிரி இல்ல இருக்கு? பல்லுல களிமண்ணு ஒட்டியிருக்கறது வரைக்கும்... இதோ, இந்த பக்கெட்டுல ஒரு பல்லு பாதி ஒடைஞ்சிருக்கு. நெஜ மிஷின்லயும் அப்டிதான். போன சனிக்கெழம காலையிலதான் ஒடைஞ்சிது.

அக்கா: ...பூதம்னா ஒரு பல்லு ஒடைஞ்சிதான் இருக்கும். பேச்ச மாத்தாத. அஞ்சு மணிக்கு வடலூர் கொரியர் கடைய மூடிடுவான். இன்னிக்கிப் போவலன்னா பத்திரிகையில நம்ம கதையே கெடையாது. கதை இளம்பரிதி, படம் அன்புக்கரசின்னு அச்சுல பாக்கணுமா வேணாமா?

தம்பி: பாக்கணும்.

அக்கா: அப்ப பூதத்த நிறுத்து.

தம்பி: ஒரு வழி இருக்கு. இவனுங்க யாருக்கும் தெரியாது... கயிறு.

அக்கா: என்ன கயிறு?

தம்பி: மிஷின் வெட்டற மண்ணு பெல்ட்டுல போவுது இல்ல, அந்த பெல்ட்டு ஓரமா நீளத்துக்கும் ஒரு கயிறு கட்டியிருக்கும். எவனாவது மாட்டிக்கினா, பக்கத்துல நிக்கறவன் இழுக்கணும். பெல்ட்டு நின்னுடும். பெல்ட்டு நின்னா மிஷினும் நின்னுடும்.

அக்கா: அவ்ளோ பெரிய பூதத்துக்கு ஒரு கயிறா! யாரு வேணா இழுக்கலாமா?

தம்பி: காண்ட்ராக்ட் லேபர் கூட.

அக்கா: இத மொதல்லியே சொல்றதுக்கு என்னா? இழுக்கறது யாரு, இடிமுரசா?

தம்பி: அவனுக்குத்தான் கை ஒடைஞ்சிடுச்சே. இது வேற ஆளு. பெல்ட்டுக்குக் கீழ கொட்டற மண்ண வாரிக்கினு நிக்கறவன். மூஞ்சி வேணாம், முதுகு மட்டும் வரை.

அக்கா: சரி... நின்னுடுச்சி. அப்புறம்?

தம்பி: பதினோரு நிமிஷம் நிக்கும். அப்புறம் சைரன் அடிச்சிட்டுத் திரும்ப ஓடும்.

அக்கா: அது என்ன பதினோரு நிமிஷம்? பத்துன்னு சொல்லு, கால் மணி நேரம்னு சொல்லு...

தம்பி: சும்மா... வாய்ல வந்துது.

அக்கா: பரிதி.

தம்பி: ம்.

அக்கா: இந்த வாரம் பூரா உன் பூட்ஸ்ல மண்ணே இல்ல.

தம்பி: தொடைச்சிட்டு வரேன்.

அக்கா: நீயா? தட்டயே கழுவாதவன்! நேத்து அம்மா குடுத்த புளிசோறு மூடி தொறக்காம அப்டியே திரும்பி வந்துது.

தம்பி: சபையில சோறு போட்டாங்க, அங்கியே சாப்ட்டுட்...

அக்கா: ஷிப்டு நேரத்துல வடலூர் சபையில உனக்கு என்னாடா வேல?

தம்பி: அம்மா எங்க?

அக்கா: சொல்லு. அம்மா ரேஷன் கடைக்குப் போயிருக்கு.

தம்பி: என் கேட் பாஸ வாங்கி வெச்சிக்கினாங்க. கேட்டுக்குள்ள வுட மாட்டாங்க.

அக்கா: எதுக்கு?

தம்பி: கயித்த இழுத்துட்டேன்.

அக்கா: யாராவது மாட்டிக்கினாங்களா?

தம்பி: பெல்ட்டுல யாரும் மாட்டல. அதான் பிரச்சன. எங்க சூப்பர்வைசர் ராஜேந்திரன் சார் நல்ல மனுஷன். காரணத்த எழுதிக் குடு, திங்கக்கெழம பாஸ் வாங்கித் தரேன்றாரு. இல்லன்னா வேலையிலேந்து பேர எடுத்துடுவாங்களாம்.

அக்கா: எதுக்கு இழுத்தியோ அத எழுதிக் குடுக்க வேண்டியதுதான?

தம்பி: ...நாய்.

அக்கா: நாயா?

தம்பி: வெட்டற எடத்துக்கு நேர் கீழ நின்னுக்கினு இருந்துது. மேல மண்ணு தொங்குது. கத்துனா கேக்காது. இழுத்துட்டேன்.

அக்கா: நாய்தானா? ஆளு இல்லியே?

தம்பி: ஆளுன்னா வேலி தாண்டி வந்ததுக்குக் கேஸ் போட்டுடுவாங்க. நாய்தான்.

அக்கா: ...அப்புறம் என்னா ஆச்சி அது?

தம்பி: மிஷின் நின்னதும் அண்ணாந்து பாத்துது. வேலி ஓட்ட வழியா ஓடிப் போயிடுச்சி. பத்து நிமிஷத்துல மேல தொங்கன மண்ணு அப்டியே சரிஞ்சிது.

அக்கா: பத்தே நிமிஷத்துலயா?

தம்பி: வுடுக்கா. கடைசிக் கட்டத்த முடி. நாலு மணி பஸ்ஸுக்கு ஆர்ச் கேட்டு பஸ் ஸ்டாப்பு வரைக்கும் நடக்கணும். வெய்யிலு கொளுத்துது, குடை எடுத்துக்கினு போ.

அக்கா: குடை ஏது? அந்தப் பச்சைக் குடையதான் பஸ்ஸுல வுட்டுட்டேனே.

தம்பி: ஆமா... பஸ்ஸுல வுட்டுட்டேன்னுதான் சொன்ன.

அக்கா: அந்தப் பென்சில எடு.

தம்பி: என்னாக்கா வரையற? யாரு அது, பூதத்துக்குக் கீழ? நான் யாரையும் எழுதலியே.

அக்கா: இருக்கட்டும்.

தம்பி: வேணாம்க்கா. அழிச்சிடு... சொன்னா கேளு, அழி!

அக்கா: இந்தா, பேனாவப் புடி. 'சார், அங்க நின்னது நாய் இல்ல'ன்னு எழுது. எழுதுடா... எந்த ஊர் நாய் பச்சைக் குடை புடிச்சிக்கினு, கையில நோட்டு வெச்சிக்கினு, பூதத்துக்குப் பல்லு எண்ணிக்கினு நிக்கும்? கீழ என் பேரப் போடு. படம், அன்புக்கரசி.